பாடலைன்னா அப்பா வேலைக்குப் போவாரா?

கேள்வி: எங்கள் ஊர் கரூர் பக்கம். என் மகனுக்கு இப்போது 14 வயது. 12 வயதில் ஒரு டிவி பாட்டுப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போனான். கே.பி.சுந்தராம்பாள் அம்மாவின் பாட்டுகளை அதே சுருதியில் பாடுவான். அதற்கப்புறம் எங்கே போனாலும் கூட்டம்தான். ஓட்டலில் காசு வாங்க மாட்டார்கள். வயதான அம்மாக்கள் அவன் காலில் விழுந்திருக்கிறார்கள். ஒன்றரை வருடத்தில் அறுபது கச்சேரிக்கு மேல் பாடிவிட்டான். என் கணவர் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் பார்த்த சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு அவன் கூடவே போக ஆரம்பித்தார். கார் வாங்கினோம், தவணை இன்னும் ஓடுகிறது.

இந்தப் பங்குனியில் ஒரு கோயில் திருவிழாவில் பாடும்போது மேல் ஸ்தாயியில் குரல் உடைந்துவிட்டது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். கீழே 'கதை முடிஞ்சது' என்றெல்லாம் கமெண்ட். அன்றிலிருந்து அவன் பாடுவதே இல்லை. ஸ்கூலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போனால் பெரிது. ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பழைய வீடியோக்களின் கமெண்ட்டையே படித்துக்கொண்டிருக்கிறான். என் மாமியார் கண் பட்டுவிட்டது என்று தினமும் சுற்றிப் போடுகிறார். என் கணவர் ஒவ்வொரு வைத்தியராகக் கூட்டிப் போகிறார். ஆடி மாதம் இரண்டு அம்மன் கோயிலுக்கு முன்பணம் வேறு வாங்கியிருக்கிறோம்.

போன வாரம் லைட்டை அணைத்த பிறகு, "அம்மா, நான் பாடலைன்னா அப்பா திரும்ப வேலைக்குப் போவாரா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவனுடைய பழைய குரல் திரும்பி வர என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய குரல் திரும்பி வராது. இதை எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது திரும்பி வரும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருப்பதுதான் பையனை அதிகமாக அழுத்துகிறது. அதனால் சுற்றி வளைக்கவில்லை.

அவனுக்கு வந்திருப்பது மகரக்கட்டு. நம் பெரியவர்கள் பெயர் வைத்து அறிந்திருந்த விஷயம் இது. பெரும்பாலான பையன்களுக்கு 12 வயதுக்கும் 15 வயதுக்கும் நடுவில் குரல்வளை வேகமாக வளரும். குரல் நாண்கள் நீண்டு தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பாதி இறங்கியும் பாதி இறங்காமலும் இருக்கிற அந்த நாட்களில்தான் கரகரப்பதும் திடீரென்று கீச்சிடுவதும். சில மாதங்களில் அடங்கிவிடலாம், ஒன்றிரண்டு வருடமும் ஆகலாம். கடைசியில் ஒரு புதுக் குரல் வந்து உட்காரும். அது பாட்டுக்கு எப்படி அமையும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, குரல் நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அறுபது கச்சேரி பாடிய தொண்டை, அதனால் தடிப்பு எதுவும் இல்லையா என்று தெரிந்துகொள்வது நல்லது. முடிந்தால் பேச்சு, குரல் பயிற்சி தருகிற நிபுணரையும் பாருங்கள். அதோடு வைத்தியர் வைத்தியராகப் போவதை நிறுத்திவிடுங்கள். இந்தக் காலத்தில் பழைய சுருதியில் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் குரலுக்கு நிஜமாகவே கெடுதல் வரும். இன்னொன்றும் உண்டு. சில பையன்கள் பயத்தில், குரல்வளை வளர்ந்து முடிந்த பிறகும் பழைய மெல்லிய குரலை விடாமல் பிடித்துக்கொண்டு அதிலேயே பேசுவார்கள். குரல் பயிற்சியில் அது பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும். ஆனால் அப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் உங்கள் மகனுக்கு வரக்கூடாது.

மாமியார் சுற்றிப் போடட்டும். அது அவருடைய பாசம். அவன் எதிரில் 'கண் பட்டுவிட்டது' என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வளர்ச்சியாக வந்த ஒன்றை, யாரோ தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக அவன் நினைத்துக்கொள்வான்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். 'நான் பாடலைன்னா அப்பா திரும்ப வேலைக்குப் போவாரா?' இந்தப் பையன் புகழை இழந்ததற்காக மட்டும் அழவில்லை. கார் தவணையைச் சுமந்துகொண்டிருக்கிறான். தன் தொண்டையில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் யாரும் அவனிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லவும் வேண்டியதில்லை. ஓட்டலில் அப்பா பர்சை எடுக்கும்போது முதலாளி கையைப் பிடித்துத் தடுத்து, பையனைக் காட்டிச் சிரிப்பதை எத்தனை தடவை பார்த்திருப்பான்!

காலில் விழுந்த அம்மாக்களைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அது சாதாரண விஷயமில்லை. நாம் காலில் விழுவது சாமிக்கும் பெரியவர்களுக்கும். எழுபது வயதுப் பாட்டி 12 வயதுப் பையன் காலைத் தொடும்போது, தன்னிடம் மனிதர்களை மீறிய ஏதோ ஒன்று இருப்பதாக அவன் நம்பத்தான் செய்வான். அந்தப் பாட்டிக்கு அது பக்தி, தப்பே இல்லை. அவர் கும்பிட்டது முருகனை. பையனுக்கு அந்த வித்தியாசத்தை யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. இப்போது அந்த ஏதோ ஒன்று போய்விட்டது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். சாமி இறங்கிப் போன உடம்பு மாதிரி தன்னைப் பார்க்கிறான்.

1980களில் அமெரிக்காவில் பாட்ரிஷியா ஆட்லர், பீட்டர் ஆட்லர் என்ற சமூகவியல் ஆய்வாளர்கள், கணவன் மனைவி, ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியோடு ஐந்து வருடம் நெருங்கியிருந்து கவனித்தார்கள். அந்தப் பையன்கள் கல்லூரிக்குள் வரும்போது படிப்பு, நண்பர்கள், குடும்பம், எதிர்காலம் என்று பல ஆசைகளோடு வந்தார்கள். பெயர் பரவப் பரவ, யாரைப் பார்த்தாலும் ஆட்டத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கடைசியில் 'புகழ் பெற்ற நான்' மட்டும் கொழுத்து, மற்ற 'நான்'கள் எல்லாம் பட்டினியில் மெலிந்துபோயின. இது ஒருநாள் முடியும் என்று அவர்களுக்கே தெரியும், ஆனாலும் தடுக்க முடியவில்லை. வளர்ந்த இளைஞர்களுக்கே அந்த நிலைமை. உங்கள் மகனுக்கு மற்ற 'நான்'கள் முளைக்கவே அவகாசம் கிடைக்கவில்லை.

அவனைப் பாராட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். 'தெய்வீகக் குரல்', 'கடவுள் கொடுத்த வரம்' என்றுதானே எல்லோரும் சொல்லியிருப்பார்கள்? 1998-ல் கிளாடியா மியூலர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வடிவப் புதிரை முடித்த பிறகு சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள். சிலரிடம் 'நன்றாக உழைத்தாய்' என்றார்கள். அடுத்து கஷ்டமான புதிரைக் கொடுத்ததும், புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் சீக்கிரம் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். தான் செய்யாத ஒன்றுக்காகக் கொண்டாடப்பட்ட பிள்ளைக்கு, அது போகும்போது திரும்பிப் பிடிக்கக் கைப்பிடி எதுவும் இருக்காது. அவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து சாதகம் செய்திருப்பான், வரிகளை மனப்பாடம் செய்திருப்பான், மேடையில் தாளம் பிசகினபோது சமாளித்திருப்பான். இதெல்லாம் அவனுடையது. மகரக்கட்டு இவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இதை அவனிடம் சொல்லுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். எப்போதாவது ஒரு நினைவு வரும்போது, 'அன்னைக்கு மைக் போனப்போ நீ நிறுத்தாம பாடினியேடா' என்கிற மாதிரி.

நூறு வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனி நாடகங்கள் ஓடின. அங்கே பையன்கள்தான் ராஜபார்ட், பையன்கள்தான் ஸ்திரீபார்ட். அந்த வாழ்க்கையில் கொடுமைகள் நிறைய, அதை நான் புகழ வரவில்லை. ஆனால் வாத்தியார்களுக்கும் பையன்களுக்கும் ஒன்று தெரிந்திருந்தது. மகரக்கட்டு எல்லோருக்கும் வரும், வந்தால் வேஷம் போய்விடும். பக்கத்துப் பாயில் படுக்கிற அண்ணனுக்கு வந்ததைப் பார்த்த தம்பி, தனக்கு வரும்போது உலகம் முடிந்ததாக நினைத்திருக்க மாட்டான். உங்கள் மகனைப் பன்னிரண்டாவது வயதில் மேடையேற்றிய பெரியவர்களில் ஒருவராவது 'தம்பி, இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் உன் குரல் மாறும், பயப்படாதே' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எனக்கு உண்மையாகவே கோபம் தருகிறது.

புதுக்கோட்டை பி.யு.சின்னப்பா அப்படிப்பட்ட கம்பெனிகளில் பாடிப் பெயர் வாங்கிய பையன். குரல் உடைந்ததும் ஊருக்குத் திரும்பினார். சங்கீதம் கற்றுக்கொண்டார், சிலம்பமும் உடற்பயிற்சியும் பழகினார். பிறகு வேறு ஆளாக வந்து சினிமாவில் நின்றார். கமல்ஹாசன் 1960-ல் முதல் படத்திலேயே ஜனாதிபதி விருது வாங்கிய குழந்தை. பிறகு டி.கே.எஸ். நாடகக் குழுவில் சேர்ந்து பயின்றார், நடன ஆசிரியர் தங்கப்பனிடம் உதவியாளராக வேலை பார்த்தார். இருவருக்கும் நடுவில் யாரும் கைதட்டாத ஒரு காலம் கிடைத்தது, அதில் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதைகளை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், மகனிடம் இப்போது வேண்டாம். அவன் காதில் இது 'நீயும் திரும்பி வருவாய், அதுவரை காத்திருக்கிறோம்' என்றுதான் விழும். இப்போது அவனுக்கு வேண்டியது, திரும்பி வராவிட்டாலும் இந்த வீட்டில் சோறும் இடமும் சிரிப்பும் அப்படியே இருக்கும் என்கிற நிச்சயம்.

ஜனங்களே மோசம், நன்றி கெட்டவர்கள் என்று அவன் எதிரில் திட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தின் அன்பு பொய்யில்லை. அந்தக் குரலை அவர்கள் மனதார நேசித்தார்கள், அவனை அவர்களுக்குத் தெரியாது. எம்.கே.தியாகராஜ பாகவதரை விடவா ஒருவரைக் கொண்டாடிவிட முடியும்? 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்டது. அந்த வருடக் கடைசியிலேயே கொலை வழக்கில் கைதானார். 1947-ல் குற்றமற்றவர் என்று விடுதலையாகி வந்தபோது, அதே குரல் இருந்தும் பழைய கூட்டம் படங்களுக்கு வரவில்லை. 1959-ல் 49 வயதில் இறந்துபோனார். கூட்டம் ஒரு நேரத்தை நேசிக்கும், நேரம் மாறினால் நகர்ந்துவிடும். அதை அன்பின் துரோகமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பையன் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியவர்களே திணறுகிற பாடம், மெதுவாகத்தான் வரும்.

அப்புறம் போன். பிடுங்கி வைக்காதீர்கள், இப்போது அவனுக்கு அது பழைய ஊருக்குப் போகிற ஒரே வழி. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும், உங்கள் கணவருடையதும் சேர்த்து. அவன் நூறு கமெண்ட் படிக்கிறான், எண்பது பழசு, பத்து கேலி, எங்கேயோ ஒன்று 'தம்பி, எப்போ திரும்ப பாடுவே' என்று வருகிறது. தூண்டில் போட்டவனை எழவிடாமல் செய்கிறதே அந்த எப்போதாவது கிடைக்கிற மீன், அது மாதிரிதான். கேலி வீடியோவை அந்தத் தளத்தில் புகார் செய்து நீக்கக் கேளுங்கள். சிறுவனைத் துன்புறுத்துகிறது என்று குறிப்பிட்டு, பெற்றோர் என்ற முறையில் நீங்களே செய்யுங்கள். அவனுடைய பக்கத்தை இதுவரை நடத்தியது அப்பாதான் என்றால், கொஞ்ச காலம் எதுவும் போடாமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஸ்கூலுக்கு நீங்கள் ஒருமுறை நேரில் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். ஆண்டு விழாவில் பாடச் சொல்ல வேண்டாம், காலைப் பிரார்த்தனைக்கு மேடைக்கு அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகுப்பிலேயே இன்னும் ஐந்தாறு பையன்களுக்குக் குரல் உடைந்திருக்கும். அவர்கள் மத்தியில் அவன் சாதாரணமானவன். அந்தச் சாதாரணம் அவனுக்கு இப்போது மருந்து.

பணத்துக்கு வருகிறேன். சார்லி சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்ற குழந்தை ஜாக்கி கூகன். லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். வளர்ந்து கேட்டபோது பெரும்பகுதி செலவாகியிருந்தது. 1938-ல் தாய் மேலும் மாற்றாந்தந்தை மேலும் வழக்குப் போட வேண்டியதாயிற்று. அந்த வழக்கின் விளைவாகத்தான் 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தைக் கலைஞர்களின் பணத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 2017 முதல் விதி இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட கலைஞர்களின் சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதம் அவர்கள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போடப்பட வேண்டும், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 27 நாளுக்கு மேல் தொடர்ந்து வேலையில் வைத்திருக்கக்கூடாது. போட்டியில் கலந்துகொண்டபோது அவனுக்கு 12 வயதுதான். சேனல்காரர்களிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். கச்சேரிப் பணத்தில் மிச்சம் இருப்பதை அவன் பெயரில் போட்டு, அந்தப் புத்தகத்தை அவனிடம் காட்டுங்கள்.

கார் உங்கள் இருவருடைய விஷயம். விற்றுத் தவணையை முடிக்க முடிந்தால் முடித்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. விற்கும்போது 'உன்னால்தான்' என்கிற வாடை அவன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது. மகனுக்குக் கிடைத்த புகழில் அவருக்கும் ஒரு பங்கு வந்தது. 'அந்தப் பையனோட அப்பா' என்று மாலை போட்டிருப்பார்கள். அவரும் இப்போது ஏதோ ஒன்றை இழந்துதான் நிற்கிறார். வைத்தியருக்கு வைத்தியர் ஓடுவது அவருடைய துக்கம். அதை அவர் உங்களிடம் அழுது தீர்க்கட்டும், பையனிடம் வேண்டாம். அப்புறம் அவர் வேலைக்குப் போகவேண்டும். பழைய கம்பெனியோ வேறு கம்பெனியோ, சம்பளம் கொஞ்சம் குறைவாகவே இருந்தாலும் சரி. உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு ஒரே பதில் அதுதான். அவர் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். நான் கொடுக்கிற எந்த ஆலோசனையும் அதற்கு ஈடாகாது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். சாப்பாடு குறைந்துகொண்டே போனால், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்றால், 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தால், காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கும். டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நேராகவே அவனிடம் 'செத்துப்போகணும்னு தோணுதா கண்ணு?' என்று கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

பாட்டை முழுக்க மறக்க வைக்கவும் வேண்டாம். வீட்டில் வானொலி ஓடட்டும், நீங்கள் சமைக்கும்போது முணுமுணுங்கள். அவன் ஆர்மோனியத்தையோ மிருதங்கத்தையோ தொட விரும்பினால் தொடட்டும், கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனாலும் போகட்டும். புதுக் குரலில் என்றாவது ஒரு வரி பாடினால் ஓடிப்போய் போனை எடுக்காதீர்கள்.

ஆடி மாதத்து இரண்டு கோயில்களும்தான் பாக்கி. இந்த வாரமே முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடன் வாங்கியாவது கொடுங்கள். 'தொண்டை சரியில்லை, அடுத்த வருடம் வருகிறோம்' என்று சொன்னால் அடுத்த வருடம்வரை அவன் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டிருப்பான். 'பையன் வளர்கிறான், குரல் மாறுகிறது, இனிமேல் கச்சேரி ஒத்துக்கொள்வதில்லை' என்றே சொல்லுங்கள். அந்தப் போனை உங்கள் கணவர் பேசட்டும். பேசும்போது அறைக் கதவை மூட வேண்டாம், பையனுக்குக் கேட்கட்டும்.